பஸ்ஸுக்கு ஏணி இருந்த காலம்

2021 டிசம்பரில் ஒரு வீடியோ சுற்றியது ஞாபகம் இருக்கும். "இது உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுதானே?" என்று கேட்டு சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆமா, எங்க ஊர்தான். மீன் விற்றுவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போக குளச்சலில் அரசு பஸ் ஏறிய வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பஸ் ஸ்டாண்டில் நின்று நியாயம் கேட்டதுதான் அந்த வீடியோ. முதலமைச்சரே கண்டித்தார். டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூன்று பேரும் சஸ்பெண்ட். அதே வாரத்தில் நாகர்கோவில் வடசேரியில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தையும் பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டார்கள். அதுவும் வீடியோவாக வந்தது, அதற்கும் சஸ்பெண்ட்.

டீக்கடையில் நின்று கண்டக்டரைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தன். திட்டினது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என் சொந்த வண்டியில் ஒரு காரியம் நடந்தது. அதை மறைத்துவிட்டு பஸ்ஸைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அதற்கு முன்னால் ஏணியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க பக்கம் அரசு பஸ் ரொம்பப் பழைய சங்கதி. குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1938 பிப்ரவரியிலேயே ராஜா அரசு பஸ்ஸை விட்டுவிட்டார். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி என்று போகிற ரோடுதான் முதலில். 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1983-ல் நேசமணி பெயரில் எங்களுக்கென்று தனிக் கழகம் வந்தது. 1997-ல் எல்லா ஊர்க் கழகத்துக்கும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போயிற்று. பெயர் எதுவானாலும் எங்களுக்கு அது 'கவர்மெண்ட் பஸ்'தான்.

சின்ன வயதில் நான் பார்த்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஏணி இருக்கும், மேலே கம்பி கட்டிய கேரியர் இருக்கும். எங்க அப்பா விளையில் வெட்டின மூணு ஏத்தங்குலையை (நீங்கள் நேந்திரன் என்பீர்கள்) சருகில் பொதிந்து அதில் ஏற்றித்தான் திங்கள்சந்தைக்குப் போவார். கூடவே யாரோ ஒருத்தருடைய பலாப்பழம், கோழிக்கூடை, மீன் கடவம் எல்லாம் வரும். கடவத்துத் தண்ணி ஜன்னல் வழியாக மேலே சொட்டும். திட்டு, சண்டை எல்லாம் உண்டு. கண்டக்டர் லக்கேஜுக்கும் சீட்டு கிழிப்பார். ஆனால் யாரும் இறக்கிவிடப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு ஏணி போயிற்று. எந்த வருஷம் என்று கவனிக்கக்கூட இல்லை. அதற்குள் வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டது. பத்துக் குலை உள்ளவன் லோடு வண்டி பிடித்தான். வெறுங்கையோடு போகிறவன் சீட்டில் உட்கார்ந்து போனான். நடுவில் மாட்டிக்கொண்டது அரைச்சுமைக்காரர்கள். மூணு குலைக்கு வண்டி பிடித்தால் ஒரு குலையின் விலை வாடகைக்கே போய்விடும். அதனால் விளைக்கு வருகிற வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கடவம் மீன் விற்கிற அம்மாவுக்கும் இதே கணக்குதான். 2021 மே மாதத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆளுக்கு டிக்கெட் வேண்டாம் என்றவர்கள் கடவத்துக்கு இடம் யோசிக்கவில்லை.

இப்போது என் வண்டி.

அரைச்சுமைக்காரர்கள் மூணு பேர் சேர்ந்து பழைய குட்டியானை ஒன்று வாங்கினோம். ஆர்.சி. என் பெயரில். நானும், பக்கத்து விளை அண்ணாச்சியும், என் மச்சானும். கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருந்தது. ஓணம் வந்ததும் தெரிந்தது. ஏத்தனுக்கு விலை ஏறுகிற அந்த ஒரு வாரம்தான் மூணு பேருக்கும் வண்டி வேண்டும். மற்ற நாளில் அது தென்னை மூட்டில் சும்மா நிற்கும். டயர் தேய்ந்தால் கூட ஓட்டினது யார் என்று வழக்கு. எஃப்.சி. எடுக்கப் போகும்போது மட்டும் அண்ணாச்சிக்கு முட்டு வலி வந்துவிடும்.

சும்மா நிற்கிற வண்டிதானே என்று மச்சான் அதை மீன்பிடித் துறைமுகத்தில் வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். ஒருநாள் ராத்திரி மீன் இறக்கிவிட்டு அப்படியே கொண்டு நிறுத்தியிருக்கிறான். விடியற்காலம் இருட்டில் நான் குலை ஏற்றினேன். சந்தையில் வியாபாரி குலையை மோந்து பார்த்துவிட்டு விலையைக் குறைத்தான். திரும்பி வந்து மச்சானைப் பிடித்தேன்.

"மீன் நாத்தம் குடலைப் புரட்டுதுல்லா. இனி இந்த வண்டியில மீன் ஏறப்பிடாது, சொல்லிட்டேன்."

அவன் கோபப்படவில்லை. "அத்தான், அன்னைக்கு டீக்கடையில நீங்க வேற மாதிரில்லா பேசினீய" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ரெண்டு நாள் அவனிடம் பேசவும் இல்லை.

என் குலைக்கு விலை குறைந்தது நிஜம். பஸ்ஸில் மீன் தண்ணி சிந்தினால் இன்னொருத்தர் வழுக்கி விழுவதும் நிஜம், ஆபீஸுக்குப் போகிறவர் முகம் சுளிப்பதும் நிஜம். ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நடுவில் நிற்கிறவர் கண்டக்டர். அந்த அம்மாவை ராத்திரியில் இறக்கிவிட்டதற்கு அது சமாதானம் ஆகாது. அன்றைக்கு அவர் கையில் இருந்தது காலிப் பாத்திரம். ஆனால் சஸ்பெண்ட் செய்தால் கண்டக்டர்தான் மாறுவார், பஸ் மாறாது.

2021 ஆகஸ்டில் கேரளாக்காரர்கள் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே 'சமுத்திரா' என்று மூணு பஸ் விட்டார்கள். பழைய தாழ்தளப் பஸ்ஸை மாற்றி, பாத்திரம் வைக்க இடம் கொடுத்து, கட்டணமும் இல்லாமல். நம்மூரிலும் அப்படி விடணும் என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். விட்டால் சந்தோஷம்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு இடறல் மட்டும் உண்டு. தனி பஸ் வந்துவிட்டால், அதைத் தவறவிட்ட அம்மா மற்ற பஸ்ஸில் ஏறும்போது "உங்களுக்குத்தான் தனி பஸ் இருக்கே" என்று ஒருத்தன் சொல்ல மாட்டானா?

எனக்குத் தோன்றுவது ரொம்பச் சின்ன விஷயம். கடலோரத்தில் ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் பின்பக்கம் ரெண்டு சீட்டைக் கழற்றிவிட்டு, ஓரம் உயர்த்தின தகரத் தட்டு ஒன்று அடித்து, தண்ணி வெளியே போக ஒரு குழாய் வைத்தால் போதும். என் மூணு குலையும் அதில் ஏறும்.

குட்டியானை இன்னும் மூணு பேருக்கும் பொதுவாகத்தான் ஓடுகிறது. மீனும் ஏறுகிறது. பழைய தார்ப்பாய் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். மீன் இறக்கின கையோடு எங்க பம்ப் செட்டில் கொண்டுவந்து கழுவி விடணும் என்று பேச்சு. மச்சான் பாதி நாள் கழுவுகிறான். மீதி நாள் நான் கழுவுகிறேன். அண்ணாச்சிக்கு முட்டு வலி.