மண்ணுக்கும் மூச்சு வேண்டும்



விதைப்பவன் உவமையைத் திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கின்றோம். வழியோரம் விழுந்த விதை ஏன் வேரூன்றவில்லை? அதுவும் வயலை ஒட்டிய மண்ணே. மிதிபட்டு இறுகியதே அதன் குறை.

நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதியே திடப்பொருள். மறுபாதி நுண்ணிய வெற்றிடம். அதிலே நீரும் காற்றும் குடியிருக்கும். 0.002 மில்லிமீட்டரினும் சிறிய களித்துகள் நீரைப் பற்றி வைக்கும். பெருமணல் அதனை விரைவில் வடியவிடும். களி மிகுந்த கோவில்பட்டிக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். ஈரம் காயுமுன் அதன்மீது டிராக்டரை ஓட்டினால் வெற்றிடங்கள் நசுங்கிவிடும். வேருக்கு மூச்சு முட்டும். தொழுவுரமும் தழையுரமும் இட்டுப் பொறுத்திருந்தால் மண் மெல்ல மெல்லப் பொலபொலப்பாகும்.

நம் இல்லங்களும் அவ்வாறே. ஓயாத வேலையும் கடுஞ்சொல்லும் நாள்தோறும் மிதித்த நெஞ்சில் பிள்ளையின் கேள்வியும் நுழையாது, இறைவாக்கும் நுழையாது. தந்தையரே, தாய்மாரே! இம்மாதம் இரவுணவுக்குப் பின் கால்மணி நேரமேனும் ஒருவர் பேச மற்றவர் செவிகொடுங்கள் என வேண்டுகின்றோம். அவ்விடைவெளியில்தான் இறையருள் இறங்கி ஈரமாகத் தங்கும்.