ஜார்ஜ் டவுனில் வாடகை வீடு: மண் யாருடையது?

பாரிமுனைப் பக்கம் வீடு தேடுகிறவரிடம் தரகர் முதலில் சொல்வது இரண்டு தொகைகள்: அட்வான்ஸ் இவ்வளவு, வாடகை இவ்வளவு. தேடுகிறவரும் அங்கிருந்தே பேரத்தைத் தொடங்குகிறார். சென்னையின் மற்ற பகுதிகளில் அது போதுமானதாக இருக்கலாம். ஜார்ஜ் டவுனில் அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாவியை நம் கையில் கொடுக்கிறவருக்கு அந்த வீட்டின்மேல் என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கேள்வி ஏன் இங்கே இத்தனை முக்கியம் என்றால், பேட்டை அவ்வளவு பழையது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் 1746க்குப் பிறகு இடிக்கப்பட்டது. வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று இருந்த பகுதிகளில் நகரம் புதிதாக வளர்ந்தது. ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 1911இல் வந்தது. இங்கே செல்வம் சேர்த்த வணிகர்கள் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் அறக்கட்டளைகளுக்கும் மனைகளை எழுதிவைத்தார்கள். அந்த மனைகளைப் பிறர் குத்தகைக்கு எடுத்துத் தங்கள் செலவில் கட்டடம் கட்டிக்கொண்டார்கள். மண் ஒருவருக்கு, சுவர் இன்னொருவருக்கு. இதைத்தான் அடிமனை வாடகை என்கிறோம்.

சொந்தச் செலவில் கட்டியவரை மண்ணின் உரிமையாளர் திடீரென்று வெளியேற்றாமல் காக்க 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்த மண்ணை விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையையும் அது தந்தது. 1996இல் வந்த திருத்தம் கோயில் போன்ற சமய நிறுவனங்களின் நிலங்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே மேல்மாடியில் இரண்டு அறை எடுக்கும் குடும்பத்துக்கும் இந்தப் பழைய கதையில் பங்கு இருக்கிறது. நமக்கு வீடு விடுகிறவர் சுவருக்கு மட்டும் சொந்தக்காரராக இருந்து, மண்ணுக்காக நடக்கும் வழக்கில் தோற்றால், அவரோடு சேர்ந்து நாமும் வெளியேற வேண்டியதுதான். அவருக்கு இல்லாத உரிமையை அவர் நமக்குத் தர முடியாது.

கட்டடமே கோயிலுடையது என்றால் கணக்கு இன்னும் வேறு. அங்கே வாடகை நிர்ணயமும் வெளியேற்றமும் இந்து சமய அறநிலையத்துறைச் சட்டத்தின் வழியில் நடக்கும். கோயிலின் வாடகைதாரர் ஒருவர் தன் பெயரில் இருக்கும் வீட்டில் ஓர் அறையை நமக்கு உள்வாடகைக்கு விட்டால், கோயிலின் பதிவேட்டில் நாம் இல்லவே இல்லை. தங்கசாலைத் தெருவிலிருந்து மண்ணடி வரை உள்வாடகை சகஜம். சகஜம் என்பதால் அது செல்லுபடியாகிவிடாது. உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது என்பதே இன்றைய வாடகைச் சட்டத்தின் நிலையும்.

வாடகைச் சட்டத்தைப் பற்றித்தான் பேட்டையில் அதிகக் குழப்பம். 'பழைய குடித்தனக்காரரை யாரும் அசைக்க முடியாது' என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அதில் பெருமளவு உண்மை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஆணைகளில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், சட்டம் சொன்ன காரணம் இல்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாமல் இருந்தது. நியாய வாடகையையும் நீதிமன்றமே கணக்கிட்டது: கட்டடத்தின் மொத்த மதிப்பில் வீட்டுக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு, கடைக்கு 12 விழுக்காடு. தலைமுறை தாண்டிய குடித்தனங்களும், சொற்ப வாடகையும், பழுது பார்க்கப்படாத சுவர்களும் இங்கே ஒன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமையாளருக்கு வருமானம் இல்லை, ஆகவே பராமரிப்பும் இல்லை.

2019 பிப்ரவரி 22 முதல் 1960ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. 2017இல் இயற்றிய புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. இதில் வாடகை என்பது இருவரும் எழுதிக்கொண்ட தொகை. நியாய வாடகை கேட்டுப் போகும் பழைய வழி கிடையாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். பழைய குடித்தனமாக இருந்தாலும் இருவரும் எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால், அதையே காரணமாகக் காட்டி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கேட்கலாம். முப்பது ஆண்டு வாடகை ரசீதுகளைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் 11 மாதப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கவே 11 மாத வழக்கம் பிறந்தது. வாடகை ஆணையத்தில் செய்யும் பதிவு அதிலிருந்து வேறு. 11 மாதம் என்பதால் அதிலிருந்து விலக்குக் கிடைக்காது. முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் பாதி வழியில்தான் நிற்கிறார்கள். உரிமையாளர் வரிக்குப் பயந்து பதிவைத் தள்ளிப்போடுவார். நஷ்டம் பெரும்பாலும் குடியிருப்பவருக்கு.

புதிய சட்டம் குடியிருப்பவரைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் எவ்வளவு காலமாகப் புழங்குகிறது என்று யோசித்தால் இதன் அருமை புரியும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. சுவர், கூரை போன்ற கட்டுமானப் பழுதும், வெள்ளையடிப்பும், மின்கம்பி மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு போன்ற சில்லறைப் பழுது நம் பொறுப்பு. இவற்றை ஒப்பந்தத்திலேயே விவரமாக எழுதிக்கொள்ளலாம்.

'லீசுக்கு' வீடு எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாத வாடகை இல்லாமல் பெருந்தொகை கொடுத்துக் குடியேறி, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இது. இதைச் சட்டப்படி போக்கிய அடமானமாகச் செய்ய வேண்டுமானால் பத்திரம் பதிவாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் லட்சக்கணக்கில் கொடுப்பவர் கையில் இருப்பது கடன் பேச்சு மட்டுமே. அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் முன்பே இருந்தால், ஏலம் வரும்போது வங்கிதான் முன்னால் நிற்கும். வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது. எடுத்துப் பார்க்காமல் லீசுத் தொகை கொடுக்கவே கூடாது. பதியாத அடமானங்கள் அதில் தெரியாது என்பதால், மூலப் பத்திரத்தையும் நேரில் காட்டச் சொல்லுங்கள்.

பத்திரம் சரியாக இருந்தால் கட்டடத்தைப் பார்க்கலாம், பகலிலும் இரவிலும். பகலில் பார்த்தால் கூரை தெரியும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூசிய மெட்ராஸ் டெரஸ் நல்ல பராமரிப்பில் நூறாண்டு தாண்டும். தண்ணீர் இறங்கிவிட்டால் உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துவிடும். 2023 ஏப்ரலில் அரண்மனைக்காரன் தெருவில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த பழைய நான்கு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. பக்கத்துச் சுவரும் நம் சுவரும் ஒன்றாக இருக்கும் தெருக்களில் பக்கத்து வீட்டு வேலையும் நம் கவலைதான். இரவில் போனால், கனரக வண்டிகள் வந்து சரக்கு இறங்கும் ஓசையில் தூங்க முடியுமா என்பது தெரியும். கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் இந்தத் தெருக்கள் முழுக்க அடங்கிவிடவில்லை.

கீழ்த்தளத்தில் என்ன சரக்கு இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். கோடவுன் தெரு துணிக்கும், ஆண்டர்சன் தெரு காகிதத்துக்கும், நைனியப்ப நாயக்கன் தெரு ரசாயனத்துக்கும் பேர் போனவை. மூன்றுமே தீக்கு இரையாகக் கூடியவை. பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போனதை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. படிக்கட்டு ஒன்றுதானா, அதில் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா, மாடிக்கதவு உள்ளிருந்து திறக்குமா? மீட்டர் வீட்டு இணைப்பா வணிக இணைப்பா என்றும் பாருங்கள். வணிக இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட் கணக்குப் போட்டால், வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச யூனிட்டுகள் நமக்கு வராது.

இவ்வளவுக்குப் பிறகும் ஜார்ஜ் டவுனில் குடியிருப்பது நல்ல முடிவாக இருக்க முடியும் என்றே நினைக்கிறேன். வேலை நடைதூரம், கந்தகோட்டமும் காளிகாம்பாள் கோயிலும் பக்கத்துத் தெரு, 2019இலிருந்து மெட்ரோவும் உண்டு. மக்கள் குடியிருக்காத சந்தைப் பேட்டை இரவில் வெறும் கிடங்காகிவிடும் என்பதால், இங்கே குடும்பங்கள் தங்குவது ஊருக்கும் நல்லது. ஆனால் மண் யாருடையது, கட்டடம் யாருடையது, வழக்கு ஏதும் உண்டா, ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிய உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்ற நான்குக்கும் காகிதத்தில் பதில் கிடைக்கும் வரை ஒரு ரூபாய்கூட டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.