மெல்லிசு என்றால் குறைச்சலா?

நம்மட பக்கத்தில் ஒரு தேத்தண்ணி நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது: சாயம். சாயம் கறுக்க இறங்கியிருந்தால் நல்ல தேத்தண்ணி. பொன்னிறமாக, கிளாஸின் மறுபக்கம் தெரிகிற மாதிரி இருந்தால், "என்ன காக்கா, கோப்பை கழுவின தண்ணியா?" என்று ஒரு கேள்வி வரும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊர்க் கடையில் குந்தினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது. எனக்கு இந்தத் தீர்ப்போடு ஒரு சண்டை இருக்கிறது. ஆனால் அதைத் தொடங்க பிரான்ஸ் வரைக்கும் ஒருக்கா சுற்றிப்போக வேண்டும்.

முதலில் ஒன்று. நான் வைன் குடிப்பதில்லை. மார்க்கம் தடுத்தது தடுத்ததுதான், அதில் ஓட்டை தேடவும் இதை எழுதவில்லை. ஆனால் வைனைப் பற்றி எழுதுகிற ஆட்களை வாசிக்க எனக்குப் பிடிக்கும். வாயில் வைத்த ஒரு மிடறைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு யோசிக்கிற பொறுமை அவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்குள்ளும் நம்மட சாயச் சண்டை மாதிரியே ஒரு பழைய சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. கனத்த சிவப்பு வைன் உசத்தியா, மெல்லிசான சிவப்பு வைன் உசத்தியா?

கனம் என்று நான் சொல்வதை அவர்கள் வைனின் 'உடம்பு' என்பார்கள். வாயில் அது எவ்வளவு பாரமாகக் கிடக்கிறது என்பதுதான் விஷயம். தண்ணி, ஆடை எடுத்த பால், முழுப் பால் மூன்றையும் ஒவ்வொரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் திராட்சையின் தோலில் இருந்து வருகின்றன. தோல் தடித்த பழம் நெடுநேரம் ஊறினால் வைன் கறுக்கும், கனக்கும். பினோ நுவார் என்ற இனத்துக்குத் தோல் மெல்லிசு. கமே என்ற இனத்தில் துவர்ப்பு குறைவு. இவற்றில் செய்த வைன் கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும் அளவுக்கு இலேசாக இருக்கும்.

இந்தக் கமேயின் கதை சுவாரஸ்யமானது. 1395இல் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியை ஆண்ட கோமகன் பிலிப், கமேக் கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். விளைச்சல் அள்ளிக் கொடுக்கும், ஆனால் தரமில்லாத, நம்ப ஏலாத செடி என்பது அவருடைய குற்றச்சாட்டு. பினோவுக்குத்தான் அவரிடம் மரியாதை. கமே தெற்கே போஜொலேயின் கருங்கல் குன்றுகளில் நிலைத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையும் புத்தம் புதிசாகத் திறந்து அவசரமாகக் குடித்து முடிக்கிற வைனாக உலகம் அதை அறிந்தது. இலேசான சாமான் என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் அதே போஜொலேயில் ஃப்ளூரி, மோர்கோன் மாதிரி பத்து இடங்கள் தங்கட சொந்தப் பெயரிலேயே வைன் விற்கின்றன. அதே கமே பழம்தான். ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் பிரித்தறிய முடியும் என்கிறார்கள், ருசித்தவர்கள்.

1978இல் ரொபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர் வைன் விமர்சனப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட ஆரம்பித்தார். கனத்த, பழுத்த வைன்களுக்கே அவர் அள்ளிக் கொடுத்தார் என்றும், புள்ளிக்கு ஆசைப்பட்டுத் தயாரிப்பாளர்களும் கனத்தைக் கூட்டினார்கள் என்றும் ஒரு விமர்சனம் பரவலாக உண்டு. இப்போது அலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. மெல்லிசைத் தேடுகிறவர்கள் வைக்கும் வாதங்களில் ஒன்றுதான் எனக்கு முக்கியம். கனத்த வைனில் ஒரு பிழை இருந்தால் கனம் அதை மூடிவிடும். மெல்லிசானதில் ஒளிப்பதற்கு இடம் இல்லை. பழம், மண், செய்தவரின் கை எல்லாம் வெளியிலே தெரியும்.

இனி நம்மட தேத்தண்ணிக்கு வருவோம். வைன் அவர்கள் நாட்டுப் பண்டம் என்றால் தேயிலை நம்ம நாட்டுப் பண்டம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதில் இருந்து தொடங்குகிற கதை இது. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30இல். இன்றைக்கும் விளைகிற தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறிப் போகிறது.

தேயிலையை உயரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். 2,000 அடிக்குக் கீழே தாழ்நிலம், 4,000 அடி வரை இடைநிலம், அதற்கு மேலே உயர்நிலம். காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கறுத்துச் சாயம் இறங்கும், வாயில் கனக்கும். ஈராக், துருக்கி, ரஷ்யா எல்லாம் விரும்பி வாங்குவது இதைத்தான். நாட்டு உற்பத்தியில் பாதிக்கும் மேல் இதுதான். 6,000 அடியைத் தொடும் நுவரெலியாத் தேயிலை இதற்கு நேர்மாறு. சாயம் வெளிறிய பொன்னிறம், வாயில் இலேசு, மணம் மட்டும் நின்று பேசும். பினோ நுவாரின் இடத்தில் நம்ம நாட்டில் ஒன்றை வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

இதற்குள் கொஞ்சம் இரசாயனமும் இருக்கிறது. பச்சைக் கொழுந்தை உருட்டி நசுக்கிக் காற்றுப்பட விட்டால் அதில் உள்ள பொருட்கள் மாறி இரண்டு கூட்டங்கள் பிறக்கின்றன. தியாஃபிளாவின்கள் பளிச்சென்ற நிறத்தையும் நாக்கைத் தட்டி எழுப்புகிற விறுவிறுப்பையும் தருகின்றன. தியாருபிஜின்கள் கறுத்த நிறத்தையும் கனத்தையும் தருகின்றன. சாயம் கறுத்தால் நல்ல தேத்தண்ணி என்று சொல்லும்போது இந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும்தான் நாம் புள்ளி போடுகிறோம். நம்மட கடை மேசையிலும் ஒரு பார்க்கர் குந்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நம்மட கரைக்கு நேரடியாகச் சொந்தமான விஷயம் ஒன்றும் இருக்கிறது: கச்சான். கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் காய்ந்த காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. ஜூன், ஜூலையில் நம்மட உதட்டை வெடிக்க வைத்து, கடல் காற்றையே தள்ளிவிட்டு, வெயிலை 38 பாகை வரைக்கும் ஏற்றுவது இதுதான். இதே காற்று நம்மிடம் வருமுன் ஊவா மலைச்சரிவுகளைத் தடவிக்கொண்டுதான் வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை, பண்டாரவளைப் பக்கத்துச் செடிகள் அந்த வறட்சியில் மெதுவாக வளரும். கொழுந்தில் மணம் கூடும். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சில வாரங்கள்தான். அப்போது பறித்த தேயிலையில் குளிர்ச்சியான ஒரு வாசம் இருக்கும். நோவுக்குப் பூசுகிற தைலங்களில் மணக்கும் மெதில் சலிசிலேட் அதற்கு ஒரு காரணம். நாம் கச்சானைத் திட்டிக்கொண்டு விசிறிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதே காற்று மேலே ஒரு ருசியை உண்டாக்குகிறது. அந்த ருசி கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிவிடும். ஊவாவுக்குக் கிழக்கே அடுத்த வீட்டுக்காரர் நாம்தான், ஆனால் நமக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

ஏன் நம்மட கடைகளில் இது இல்லை என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கடைக்காரருக்குத் தேவை தூள். தூள் சட்டென்று சாயம் விடும், ஒரு கிலோவில் கூடக் கோப்பை ஊத்தலாம். அதற்கு மேல் பால். பாலில் உள்ள புரதம் துவர்ப்போடு ஒட்டி அதை அமத்திவிடும். மெல்லிசான தேத்தண்ணியில் பாலை ஊத்தினால் மிஞ்சுவது வெறும் பால்தான். அதற்கும் மேலே மூன்று கரண்டி சீனி. பாலையும் சீனியையும் தாங்கி நிற்க வேண்டும் என்றால் தேயிலை கனமாகத்தான் இருக்க வேண்டும். ஆக நாம் கனத்தைத் தெரிவுசெய்யவில்லை. சீனியும் பாலும் சேர்ந்து நமக்காகத் தெரிவுசெய்தன.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், வர வேண்டும். "தம்பி, விடிய மூன்று மணிக்குத் தோணி தள்ளுற ஆளுக்கும் வெயிலில் வயல் வெட்டுற ஆளுக்கும் பூமணம் தேவையில்லை. வயிற்றைப் பிடிச்சு நிற்கிற ஒரு தேத்தண்ணிதான் தேவை. ருசி பார்க்கிறதெல்லாம் காசு உள்ளவன்ட வேலை." இதில் பாதி உண்மை. அந்தக் கோப்பையை நான் குறை சொல்லவில்லை, அது ஒரு நேரச் சாப்பாட்டின் வேலையைச் செய்கிறது. தாழ்நிலத் தேயிலையிலும் அருமையானவை இருக்கின்றன. மற்றப் பாதியைத்தான் ஒத்துக்கொள்ள ஏலாது. மெல்லிசான தேயிலை யாருடைய கையால் உண்டாகிறது? இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பார்த்துப் பறிக்காவிட்டால் அந்த மணம் வராது. முற்றிய இலை கலந்தால் முதலில் காட்டிக் கொடுப்பது மெல்லிசான கோப்பைதான். அந்தக் கவனம் ஊவாவிலும் நுவரெலியாவிலும் தமிழ் பேசுகிற மலையகப் பெண்களுடைய கவனம். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரைக்கும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் கையில் உண்டாகிற ருசியைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த உழைப்பை மதிக்கத் தெரிந்தவர்கள் வெளிநாட்டில் மட்டும்தான் இருப்பார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது சொல் விஷயம். பறிக்கிறவரின் மொழி தமிழ், குடிக்கிற நம்மட மொழியும் தமிழ், ஆனால் நடுவில் அதற்கு விலை வைக்கிற சொற்கள் முழுக்க ஆங்கிலம். ருசி பார்ப்பவர் ஒரு சொல் எழுதினால் அந்தத் தேயிலையின் விலை ஏறும், இன்னொரு சொல் எழுதினால் இறங்கும். தேயிலை ருசி பார்ப்பது ஒரு தொழில் என்றே நான் படித்த பாடசாலையில் யாரும் சொன்னதில்லை. இத்தனைக்கும் சொல்லுக்கு நம்மிடம் பஞ்சம் கிடையாது. துவர்ப்பு என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நாவற்பழமும் பச்சை வாழைக்காயும் பாக்கும் சின்ன வயதிலேயே சொல்லித் தந்துவிட்டன. கனம், விறுவிறுப்பு, பளிச், சப்பென்று, வாயில் நிற்குது, தொண்டையில் பிடிக்குது. இவற்றை ஒரு ஒழுங்கில் வைத்துப் பேசப் பழகினால் போதும்.

பழகுவது எப்படி? தொழிலாகச் செய்கிறவர்களின் சர்வதேச முறை ஒன்று 1980இல் வெளியானது: நூறு மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, கொதித்த தண்ணி, மூடி வைத்து ஆறு நிமிஷம். அது பிழை கண்டுபிடிப்பதற்கான முறை, கடுமையாக இருக்கும். வீட்டில் மெல்லிசான தேயிலைக்கு மூன்று நிமிஷம் போதும். இரண்டு கோப்பை எடுங்கள். ஒன்றில் வழக்கமான தூள், மற்றதில் பைக்கற்றில் நுவரெலியா அல்லது ஊவா என்று பெயர் போட்ட இலை. இரண்டிலும் சீனியும் வேண்டாம், பாலும் வேண்டாம். கிணற்றுத் தண்ணி கடினமாக இருந்தால் தேத்தண்ணி மங்கி மேலே ஆடை படியும். வேறு தண்ணி பாருங்கள். கொஞ்சம் ஆறவிட்டு, சத்தமாக உறிஞ்சுங்கள். ருசி பார்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். காற்றோடு சேர்ந்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். பீரிசில் ஊத்தி ஊதி உறிஞ்சுகிற நம்மட மூத்தப்பாமார் இதை யாரிடமும் படிக்கவில்லை.

சீனி இல்லாமல் ஏலவே ஏலாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடிக்கிற பழக்கம் நம்ம நாட்டில் உண்டு. சீனிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களின் அடையாளமாகத்தான் அதைப் பார்க்கிறோம். ஆனால் அதில் இனிப்பு வேறாகவும் தேயிலை வேறாகவும் நாக்குக்குக் கிடைக்கிறது. தேயிலை தன் சொந்த ருசியோடு வாய்க்குள் வருகிறது.

வருகிற கச்சான் காலத்தில் இதைச் செய்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். உம்மாவையும் மூத்தம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கோப்பையையும் மாற்றி மாற்றிக் குடித்து, அவர்கள் வாயில் இருந்து என்ன சொல் வருகிறது என்று குறித்து வையுங்கள். "தண்ணி மாதிரி இருக்கு" என்று முதல் மிடறில் சொல்வார்கள். நாலாவது மிடறில் என்ன சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.