சூளூர்பேட்டையில் கிவி காய்க்குமா? கன்று வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

சென்னையில் வேலை, சூளூர்பேட்டை பக்கம் அப்பா பெயரில் ரெண்டு ஏக்கர். உங்கள் நிலைமை இதுதான்னா, 'வெயிலைத் தாங்கும் கிவி கன்று' என்ற விளம்பரம் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கலாம். ஆசை வருவது நியாயம்தான். 2025 ஜூனில் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கிளிமூக்கு மாங்காய் விலை சரிந்தது. ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. சூப்பர் மார்க்கெட்டில் ஒரே ஒரு கிவி பழம் அதைவிட அதிக விலை.

ஆனால் விலைக்கு முன்னால் குளிரைப் பார்க்கணும்.

கிவி, இலையுதிர்க்கும் கொடி. குளிர்காலத்தில் உறங்கும். போதுமான குளிர் கிடைத்தால்தான் மொட்டு விழித்து ஒழுங்காகப் பூக்கும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கழியும் நேரத்தை மணிக்கணக்கில் கூட்டி இதை அளக்கிறார்கள். உலகம் முழுக்கப் பரவலாக விளையும் 'ஹேவர்ட்' ரகத்துக்குச் சுமார் 800 மணி நேரம் தேவை. இரவு பகல் விடாமல் 33 நாள் ஃபிரிட்ஜுக்குள் இருப்பது மாதிரி. குறைந்த குளிரே போதும் என்று சொல்லப்படும் 'வின்சென்ட்' போன்ற ரகங்களுக்கும் 100 மணி நேரம் அளவுக்காவது வேணும்.

சூளூர்பேட்டையோ பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர். ஜனவரி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். கூட்டினால் வருவது பூஜ்ஜியம். (பாலிஹவுஸ் போட்டால்? சூடு இன்னும் ஏறும்.)

லால்பாக்கில் என்ன நடந்தது?

இந்தியாவில் கிவி முதலில் நடப்பட்ட இடமே நம்ம பக்கம்தான். 1960 வாக்கில், பெங்களூரு லால்பாக் தோட்டத்தில். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், சூளூர்பேட்டையைவிட எவ்வளவோ குளிர்ச்சி. அங்கேயே குளிர் போதாமல் கொடி காய்க்கவில்லை. 1963-ல் சிம்லாவின் ஃபாக்லியில் நட்டார்கள். 1969-ல் அங்கே காய்த்தது. இன்று இமாச்சலிலும் அருணாச்சலிலும் கிவி ஒரு வருமானப் பயிர். அருணாச்சலின் ஜீரோ பள்ளத்தாக்குக் கிவிக்கு 2020-ல் ஆர்கானிக் சான்றிதழும் கிடைத்தது.

சமவெளியில் நட்டால் செடி உடனே செத்துவிடும் என்றால்கூடப் பரவாயில்லை, நஷ்டம் கன்று விலையோடு முடியும். தண்ணீரும் நிழலும் கொடுத்தால் இலை பச்சையாகத் தழைக்கும், கொடி பந்தல் ஏறும். மலைப்பகுதியிலேயே காய்ப்புக்கு வர 3 முதல் 5 வருஷம் ஆகும். அதனால் 'அடுத்த வருஷம் காய்க்கும்' என்று நர்சரிக்காரர் சொல்வதை நீங்களும் நம்பிக்கொண்டே இருப்பீர்கள். அதற்குள் கல்தூண், கம்பி, சொட்டுநீர்க் குழாய் என்று போட்ட காசு மண்ணில் நிற்கும்.

மொட்டை எழுப்ப ஹைட்ரஜன் சயனமைடு தெளிக்கலாமே என்றும் ஒரு யோசனை சுற்றுகிறது. நியூசிலாந்தில் அது வழக்கம்தான். ஆனால் ஓரளவு கிடைத்த குளிரில் விழும் குறையைத்தான் அது ஈடுகட்டும். தெளிப்பவருக்கு ஆபத்தான நச்சும்கூட.

விலையும் இப்படியே இருக்காது. இந்தியா-நியூசிலாந்து வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2025 டிசம்பரில் முடிந்தது. அதில் கிவிக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை வரியில்லை, அதற்கு மேல் பாதி வரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத் தோணினால், ஆண் கொடி, பெண் கொடி ரெண்டும் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். கிவியில் ரெண்டும் தனித்தனிக் கொடிகள். அப்புறம், சூளூர்பேட்டை மாதிரி ஒரு கடலோர ஊரில் காய் தொங்கும் கொடியை நேரில் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் படம் வேண்டாம்.