மலைக்குப் போகிற பையும் நம் கடையும்

இந்த முறை விலைவாசியையோ வரியையோ பற்றி எழுதவில்லை. மலைக்குப் படம் எடுக்கப் போகிற பிள்ளைகளின் பையைப் பற்றி எழுதுகிறோம். மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் போடிநாயக்கனூரில் நம் கடை வாசலில் நின்று பார்க்கட்டும்.

குரங்கணிக்குப் போகும் இளைஞர்கள் கழுத்தில் கேமராவோடு வந்து இறங்குவார்கள். பிஸ்கட், தண்ணீர், தீப்பெட்டி கேட்பார்கள். கொடுத்துவிட்டுக் காசைக் கல்லாவில் போடுவோம். அவ்வளவுதான் நம் வேலை என்று பல வருடம் இருந்துவிட்டோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம். "மேலே மழை இருக்குமா ஐயா?" என்று கேட்டான் ஒரு மதுரைப் பையன். பேரேட்டிலிருந்து தலை தூக்காமலே "இருக்காதுப்பா" என்றோம். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தான். ஜீன்ஸ் பேண்ட் நனைந்து கனத்துக் காலோடு ஒட்டியிருந்தது. பல் கிட்டிப் பேச வரவில்லை. கேமரா கண்ணாடிக்கு உட்புறம் ஈரம் கோத்திருந்தது. கடன் வாங்கி வாங்கிய கேமராவாம். டீயும் துண்டும் கொடுத்தோம், காசு வாங்கவில்லை. ஆனால் காலையில் தலை தூக்கியிருந்தால் இந்தத் தர்மத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

இந்த மலைக்குச் சரக்குக் கட்டுவது நம் ஊருக்குப் புதிதல்ல. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கோட்டகுடிக்கு இறங்கி, நம் ஊர் வழியாகத்தான் வெளியே போனது. மேலே ஓடிய ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனது தனிக் கதை. தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் வைத்துக் கட்டியதெல்லாம் ஈரத்துக்குப் பயந்துதான். கேமராவும் அதே ஜாதிச் சரக்கு. ரப்பர் வளையம் போட்ட எவர்சில்வர் டப்பாவில் லென்சை வைத்து, நாம் குப்பையில் எறிகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடப் போட்டால் போதும். பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்ததாக இருக்கக் கூடாது. குளிரிலிருந்து வந்தவுடன் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்கச் சொல்ல வேண்டும். திறந்தால் வெக்கைக் காற்று பட்டுக் கண்ணாடி வியர்க்கும். பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

துணி விஷயத்தில் எஸ்டேட் ஜனங்களுக்குத் தெரிந்தது படித்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பருத்தி நனைந்தால் குளிரும், காயாது. ஜீன்ஸ் அதைவிட மோசம். சீக்கிரம் காயும் மெல்லிய சட்டை, பேண்ட், மேலே ஒரு கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு. கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. நாம் விற்பதிலேயே மலிவான சரக்கு அதுதான்! ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய். கனமானதை முதுகை ஒட்டி வைத்து, மழைக்கோட்டைக் கடைசியாக மேலே வைக்க வேண்டும். லாரியில் மூட்டை அடுக்கிய நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி தீப்பெட்டிக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் ஊர் மறக்காது. 2024 அக்டோபரில் அரசு ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 நடைவழிகளைத் திறந்தது. குரங்கணி வழியும் அதில் ஒன்று. முன்பதிவு, வழிகாட்டி எல்லாம் உண்டு. கோடையில் தீக்குப் பயந்து வழிகளை அடைத்தார்கள். இருந்தாலும் அனுமதி இல்லாமல் பக்கவழியில் ஏறுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் பையில் கிடக்கும் தீப்பெட்டியும் சிகரெட்டும் நம் கடைச் சரக்குதானே?

தை முடிந்து நல்ல மழை இறங்கும் வரை, மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டையும் விற்பதில்லை என்று நம் கடையில் முடிவு செய்துவிட்டோம். "நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வான்" என்கிறார் நம் நண்பர் ஒருவர். உண்மைதான். அதனால்தான் இதைப் பத்திரிகையில் எழுதுகிறோம். குரங்கணிச் சாலையில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தால் தவிர இதில் பயனில்லை. நட்டம் என்று பார்த்தால் நாளொன்றுக்கு ஒரு பண்டல் தீப்பெட்டிகூடத் தேறாது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அன்று அவசியம் வந்து பேச வேண்டுகிறோம்.