காற்றும் கணக்கும்

பல்லடத்திலிருந்து உடுமலை நோக்கிப் பயணம் செய்வோர், தென்னந்தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் சுழல்வதைக் கண்டிருப்பர். மேற்குத் தொடர்ச்சி மலையில் இறைவன் திறந்து வைத்த வாயிலாக அமைந்துள்ளது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில் ஓங்கி வீசுகிறது. மின்சாரச் செலவு பெருஞ்சுமையாதலால், பின்னலாடை நிறுவனத்தாரும் நூற்பாலை உரிமையாளரும் பலர் காற்றாலைகளில் முதலீடு செய்துள்ளனர்.

இதனைக் கண்டு, சிறிய பனியன் பட்டறை நடத்தும் குடும்பங்களிலும் ஆசை எழுதல் இயல்பே. "250 கிலோவாட் பழைய காற்றாலை ஒன்று விலைக்கு வருகிறது, நகைகளை அடகு வைத்தாவது வாங்கிவிடலாமா?" என்ற கேள்விக்கு விடை கூறுமுன், பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம்.

இறக்கையின் நீளம் 14 மீட்டர் எனக் கொள்வோம். அது சுழலும் வட்டத்தின் பரப்பு, 22/7 × 14 × 14, அதாவது 616 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. இதில் பாதியைப் பரப்பால் பெருக்கி, காற்றின் வேகத்தை மும்முறை வைத்துப் பெருக்கினால், அவ்வட்டத்தின் வழியே செல்லும் காற்றின் ஆற்றல் வாட் கணக்கில் கிடைக்கும். வேகம் நொடிக்கு 12 மீட்டரானால், அது சுமார் 639 கிலோவாட்.

இது முழுவதும் நம் கைக்கு வாராது. காற்றின் ஆற்றலில் 100-க்கு 59 பங்குக்குச் சற்று மேல் எந்த ஆலையாலும் எடுக்கவியலாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவினார். நடைமுறையில் 40 பங்கு கிடைப்பதாகக் கொண்டால் 255 கிலோவாட். ஆலையின் பலகையில் எழுதியுள்ள 250 என்னும் எண் இதுவே.

இனித்தான் கவனம் தேவை. காற்றின் வேகம் பாதியாகி 6 மீட்டரானால், மின்சாரமும் பாதியாகும் என்றே நினைப்போம். அவ்வாறன்று, எட்டில் ஒரு பங்காகி, 32 கிலோவாட்டே மிஞ்சும்! இறக்கையின் நீளத்தை இருமடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும். காற்றின் வேகம் இருமடங்கானாலோ எட்டு மடங்காகும். எனவே, இறக்கையின் அளவைவிட இடத்தின் காற்றே முதன்மையானது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். ஆனால் ஆண்டு முழுவதும் ஆடியன்று. ஐப்பசி, கார்த்திகையில் காற்று தணிந்து, பல நாள்கள் ஆலை வாளாவிருக்கும். 250 கிலோவாட் ஆலை ஓராண்டு முழுவதும் முழுத்திறனில் ஓடினால் 21,90,000 யூனிட் கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கே கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 4,38,000 யூனிட்தான். இறக்கைகளில் தூசியும் பூச்சியும் படிதல், பற்சக்கரப் பெட்டி தேய்தல் ஆகியவை பழைய ஆலையில் இதனையும் குறைக்கும். கடனுக்குரிய வட்டியோ, காற்று வீசாத மாதத்திலும் தவறாமல் வரும்.

ஆகவே, வாங்க விழைவோர் பலகையில் உள்ள எண்ணை நம்பி முன்பணம் தரவேண்டாம். கடந்த மூன்றாண்டுகளில் அந்த ஆலை மாதந்தோறும் தந்த யூனிட் எவ்வளவு என்பதற்கு மின்வாரியக் கணக்குச் சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பராமரிப்புச் செலவையும் வட்டியையும் அதிலிருந்து கழியுங்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, மிஞ்சுவதைப் பாருங்கள். சீட்டைக் காட்டத் தயங்குபவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்வதே நலம்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். காற்றாலையும் ஒரு கோபுரமே. காற்று இறைவனின் கொடை. கணக்குப் பார்க்கும் அறிவும் அவர் தந்த கொடையே. முன்னதை நம்பிப் பின்னதை மறந்து, பிள்ளைகளின் படிப்புக்கென வைத்த பொருளை இழத்தல் ஆகாது.