செத்த பிறகும் வேலைக்குப் போகணுமா? ‘டெட் லைக் மீ’ முதல் எபிசோட் எப்படி?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்து நிற்கிறாள் 18 வயது ஜார்ஜ் லாஸ். வானத்திலிருந்து எரிந்தபடி வந்த ஒரு கழிவறை இருக்கை நேராக அவள் மேல் விழுகிறது. அவ்வளவுதான், முதல் எபிசோடிலேயே கதாநாயகி காலி!

2003 ஜூனில் அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் தொடங்கிய ‘டெட் லைக் மீ’ தொடர் இப்படித்தான் கிளம்புகிறது. அந்த இருக்கை ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் இருந்ததாம். நிஜ மிர் 2001 மார்ச்சில் பசிபிக் கடலில் யார் தலையிலும் விழாமல்தான் விழுந்தது. அதில் ஒரு துண்டு மட்டும் வழிமாறி சியாட்டில் நகரத்துக்கு வந்திருந்தால் என்பதுதான் கற்பனை.

ஜார்ஜ் அப்படியொன்றும் நல்ல பெண் இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவள், அம்மாவிடம் எரிந்து விழுபவள், தங்கையைக் கண்டுகொள்ளாதவள். எதைக் கேட்டாலும் ‘அதனால என்ன இப்போ?’ என்கிற முகம். எல்லன் மூத் இந்த அலட்சியத்தைக் கொஞ்சமும் இனிப்புத் தடவாமல் நடித்திருக்கிறார். அதனாலேயே அவள் செத்ததும் நமக்கு அழுகை வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. சிரித்துவிட்டோமே என்று சங்கடமாகவும் இருக்கிறது.

செத்தவளுக்குச் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. வேலைதான் கிடைக்கிறது, எமதூதர் வேலை. எருமையும் இல்லை, பாசக்கயிறும் இல்லை. விபத்திலும் கொலையிலும் சாகப்போகிறவர்களின் உயிரை முன்கூட்டியே தொட்டு எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் அவர்களுக்கு வலி தெரியாது. ஒட்டுச்சீட்டு ஒன்றில் பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர், இடம், நேரம் இருக்கும். ஆணா பெண்ணா, கிழவரா குழந்தையா என்று நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டுகளைப் பிரித்துக் கொடுப்பவர் ரூப். மாண்டி பட்டின்கின் இந்த வேடத்தில் அலட்டிக்கொள்ளாமல் மிரட்டுகிறார். அலுவலகமும் கிடையாது, ஒரு வாஃபிள் கடை மேஜைதான்.

சம்பளம்? பைசா கிடையாது. ஆனால் பசிக்கும், தங்க இடமும் வேண்டும். அதனால் பிழைப்புக்குத் தனியாக இன்னொரு வேலை பார்த்தாக வேண்டும். இத்தனை உயிர் எடுத்தால் விடுதலை என்று ஒரு கணக்கு உண்டு, அது எத்தனை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. டார்கெட்டைச் சொல்லாமலே வேலை வாங்கும் நிறுவனம்! சாவைப் பற்றிய தொடர் என்று உட்கார்ந்தால், முதல் வேலைக்குப் போகிறவர்களின் எரிச்சலைப் பற்றிய தொடராக இருக்கிறது. இந்தக் குசும்புதான் முதல் எபிசோடின் பலம்.

ஆனால் கிண்டல் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. ரயிலில் போகும் ஒரு சின்னப் பெண்ணின் உயிரை எடுக்க வேண்டும் என்று ஜார்ஜுக்குச் சீட்டு வருகிறது. முடியாது என்கிறாள். எதற்கும் கவலைப்படாதவள் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றுக்காக மல்லுக்கு நிற்கிறாள், அதுவும் செத்த பிறகு. இவள் தொடாமல் விட்டால் அந்தக் குழந்தை பிழைத்துவிடாது, உயிர் உடம்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்படியானால் எது இரக்கம்? இந்தக் கேள்வியைப் பிரசங்கம் பண்ணாமல் காட்சியாகவே வைத்திருப்பது பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. ஜார்ஜின் பின்னணிக் குரல் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. முகத்திலேயே தெரிவதை எதற்கு வாயாலும் சொல்லணும்? விபத்துகளை உண்டாக்கும் குட்டிப் பிசாசுகளின் கிராஃபிக்ஸ் ரொம்பவே பழசாகிவிட்டது. அவற்றைவிட, மகளோடு கடைசிவரை முட்டிக்கொண்டிருந்த அம்மா ஜாய் அழத் தெரியாமல் தவிப்பதுதான் மனதில் தங்குகிறது. சிந்தியா ஸ்டீவன்சன் நடித்த அந்த வீட்டுக் காட்சிகள் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

தொடரை உருவாக்கிய பிரையன் ஃபுல்லர் முதல் சீசன் நடக்கும்போதே வெளியேறிவிட்டார். பின்னாளில் ‘புஷிங் டெய்சீஸ்’, ‘ஹானிபல்’ தந்தவர் இவர்தான். மொத்தமே இரண்டு சீசன், 29 எபிசோடுகள். 2009இல் ஒரு படமும் வந்தது. அவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர்கள் முதல் எபிசோடை மட்டுமாவது பார்க்கலாம். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள், பிரேதப் பரிசோதனைக் காட்சி ஒன்று உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.